கல்லில் இடம் மாறிய காது

நான் கண்ணால் கண்டதும், கையால் திருத்தியதும், எழுத்தில் படித்ததும், இருவர் தனித்தனியே உறுதிசெய்ததும் மட்டுமே இங்கே இடம்பெறும். ஒருவர் வாய்மொழியாக மட்டும் எனக்கு எட்டியவற்றை விட்டுவிட்டேன். இதை என் நேர்மைக்குச் சான்றாகச் சொல்லவில்லை. ஒரு மனிதரைப் பற்றி உறுதிசெய்யாத ஒன்றை அச்சேற்றினால் என்ன நேரும் என்பதை உடனிருந்து பார்த்தவன் நான். அந்தப் பொய்யில் ஓர் எழுத்துப்பிழையும் நேராமல் காத்தவனும் நானே. சிவகாசியில் அந்த நிகழ்ச்சியைப் பற்றி இன்று மூன்று விதமாகக் கதை சொல்கிறார்கள். மூன்றிலும் குற்றம் சாட்டப்பட்டவர் இறுதியில் கண்கலங்கி ஒரு பொன்மொழி உதிர்க்கிறார். நான் அங்கே இருந்தேன். அவர் கண்கலங்கவும் இல்லை, பொன்மொழி உதிர்க்கவும் இல்லை. பெயர்களைக் குறிக்காததற்குக் காரணம், அவரவர் பிள்ளைகள் இன்னும் அதே தெருக்களில் நடமாடுகிறார்கள் என்பதே.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நான் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். வித்துவான் தேர்வில் தேறியும் பள்ளிக்கூட வேலை அமையாத காலம். அச்சகத்தின் பெரும்பகுதி கல்லச்சுக்கு உரியது. தீப்பெட்டி லேபில், பட்டாசு லேபில், நாட்காட்டிப் படம் ஆகியவற்றை வழவழப்பான கல்லின்மேல் வரைந்து, அந்தக் கல்லிலிருந்து தாளுக்கு எடுப்பார்கள். ஒரு மூலையில் ஈய எழுத்துக் கோத்து நூல்களும் துண்டறிக்கைகளும் அடிக்கும் சிறுபகுதி இருந்தது. என் நாற்காலி அந்த மூலையில்.

முதலாளியின் தாய்மாமன் விருதுநகரில் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். மிளகாய் வற்றலின் நிறத்தையும் மணத்தையும் கொண்டு அது எந்த ஊர்க் கரிசலில் விளைந்தது என்று சொல்லக்கூடியவர். அந்தத் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது போதும் என்று அவர் நினைத்தார். சென்னையிலிருந்து வந்த யாரோ ஒருவர் மேடையில் பிறவிக் குற்றவாளிகளைப் பற்றிப் பேசக் கேட்டதாகப் பின்னர் தம் நூலிலேயே எழுதினார். அந்தப் பேச்சைக் கேட்டதுமுதல் மனிதர்களையும் வத்தல் மூட்டைபோல் தரம் பிரிக்கத் தொடங்கினார். அதன் விளைவாக ஒரு கையெழுத்துப்படி என் மேசைக்கு வந்தது. பிறவிக் குற்றவாளியை அங்கங்களால் அறிந்துகொள்ளும் முறையை அது கற்பித்தது.

இடக்காது தலையைவிட்டு விலகி நிற்பவனுக்குக் குற்றம் இரத்தத்திலேயே ஊறியிருக்கும் என்பது நூலின் அடிப்படை. இதயம் இடப்புறம் இருப்பதால் கெட்ட இரத்தத்தின் சூடு முதலில் அந்தக் காதைத்தான் தள்ளுகிறது என்பது அதற்கு அவர் கண்ட காரணம். மாறாக, வலக்காது விலகியவன் நம்பிக்கைக்குரியவன், அவனிடம் சாவிக்கொத்தையே கொடுக்கலாம் என்றும் எழுதியிருந்தார். சான்றுக்கு, தம் கடையில் மூட்டை சுமப்போரின் காதுகளை நூல்பிடித்து அளந்திருந்தார். தமக்குச் சந்தேகம் இருந்தவர்களை மட்டுமே அளந்தார். அளக்கப்பட்ட அனைவரும் சந்தேகத்துக்கு உரியவர்களாகவே இருந்ததை வியப்போடு குறித்துவைத்தார். அவர் தலையில் எப்போதும் துண்டு கட்டியிருந்தமையால் அவருடைய காதுகளைப் பற்றி நான் எதுவும் உறுதியாகச் சொல்ல இயலாது.

கையெழுத்துப்படியைக் கொண்டுவந்த அன்று என்னிடம் அவர் விளக்கினார். "மனுசனும் வத்தலும் ஒண்ணுதான் வித்துவானே. ஒரு மூட்டையில ஒரு பிடி அள்ளிப் பாத்தாப் போதும், மொத்த லோடும் தெரிஞ்சிரும். அப்பனைப் பாத்தா மகன் தெரிஞ்சிரும்."

"அண்ணாச்சி, மூட்டையில மேலாப்பல அள்ளுவீகளா, அடியில கைவிட்டு அள்ளுவீகளா?" என்று கேட்டேன்.

"அடியிலதான். மேலாப்பல நல்ல சரக்கை வச்சுத்தானே ஏமாத்துவான்."

"மனுசனுக்கு எங்கன கைவிடுவீக?"

"அதுக்குத்தான் ஆண்டவன் காதை வெளியில வச்சிருக்கான்" என்று சிரித்தார். அந்த விடையில் அவருக்கு ஒரு நிறைவு இருந்தது. நூலில் அதையும் சேர்த்துக்கொண்டார்.

நூலுக்கு முகப்புப்படம் வேண்டுமென்றார். படத்துக்கு ஆளையும் அவரே தேர்ந்தார். அச்சகத்தில் கல் தேய்ப்பவர் ஒருவர் இருந்தார், நாற்பது வயதிருக்கும். ஒரு படம் அடித்து முடிந்ததும் கல்லின்மேல் மணலும் நீரும் இட்டு, இன்னொரு கல்லால் மணிக்கணக்கில் அரைத்து, பழைய படத்தின் சுவடே இல்லாமல் செய்வது அவர் வேலை. நாளெல்லாம் நீரில் ஊறி அவர் விரல்நுனிகள் வெளுத்திருக்கும். ஆமத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். அவருடைய தகப்பனார் ஒரு கொலைக்காகச் சிறை சென்று அங்கேயே இறந்தவர் என்பதை அச்சகத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை. பத்தாண்டுகளாக அந்தச் செய்தியை அவர் ஊர் எல்லையிலேயே விட்டுவைத்திருந்தார். ஆனால் வத்தல் வாங்க அந்த ஊருக்குப் போய்வரும் மாமனுக்கு அது தெரியும். போதாக்குறைக்குக் கல் தேய்ப்பவருடைய இடக்காது சற்று விலகியே இருந்தது. மாமனுக்கு அன்று கிடைத்த மகிழ்ச்சியை நல்ல விலைக்குப் போன சரக்கும் தந்திருக்காது.

எதற்காக உட்கார்த்துகிறார்கள் என்று கல் தேய்ப்பவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. நாட்காட்டிச் சாமிப் படங்களுக்குச் சில வேளைகளில் தொழிலாளரை உட்காரவைத்து வரைவது எங்கள் ஓவியரின் வழக்கம். அதனால் அவர் தலைக்கு எண்ணெய் வைத்து, நெற்றி நிறைய நீறு பூசி வந்தார்.

"எந்தச் சாமிங்க அண்ணே? கருப்பசாமியா?"

"அசையாம இரும்யா" என்றார் ஓவியர்.

"மீசையை முறுக்கி விட்டுக்கிடட்டா? அருவா கையில வேணாமா?"

"ஒண்ணும் வேணாம். நீறை அழிச்சிட்டு உள்ளது உள்ளபடி இரு" என்றார் மாமன். நீறை அழிக்கச் சொன்னபோதுதான் கல் தேய்ப்பவர் முகத்தில் முதல் ஐயம் தோன்றியது. முதலாளியின் மாமனிடம் கேள்வி கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. துண்டால் அழித்தார். நான் அந்த அறையில்தான் இருந்தேன். அது எதற்கான படம் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

கல்லில் வரைவது அப்படியே தாளில் விழாது. கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறியே விழும். ஆகையால் கல்லில் எல்லாவற்றையும் திருப்பி வரையவேண்டும். எங்கள் ஓவியர் அதில் தேர்ந்தவர். சாமியின் அருட்கை இடக்கையாக மாறிவிட்டால் வாங்குவோர் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் அங்கே அவர் ஒருநாளும் தவறியதில்லை. குற்றவாளியின் முகத்துக்கு அத்தனை மெனக்கெடல் எதற்கென்று கண்டதைக் கண்டபடி கல்லில் வரைந்துவிட்டார். படம் அச்சாகி வந்தபோது இடக்காது வலக்காதாகியிருந்தது.

நூல் முழுதும் இடக்காது, முகப்பில் வலக்காது. தவறைக் கண்டவன் நான். மாமனும் முதலாளியும் ஓவியரும் என் மேசையைச் சூழ்ந்து நின்றார்கள்.

"கல்லைத் தேச்சிட்டு மறுபடி வரஞ்சிருவோம்" என்றார் ஓவியர்.

முதலாளி துள்ளினார். "சீசன் நேரத்துலயா? தீபாவளி ஆர்டர் அம்புட்டும் மிஷின்ல காத்துக் கெடக்கு. அட்டைப் படம் எல்லாம் அடிச்சாச்சு. ஏதாச்சும் வழி சொல்லுங்க மாமா."

மாமன் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பார்த்தார். பிறகு கடையில் விலை முடிக்கும் தோரணையில் சொன்னார்: "வித்துவானே, உள்ள இடதுங்கிற எடத்துல எல்லாம் வலதுன்னு போட்டிரும். வலதுங்கிற எடத்துல இடதுன்னு போட்டிரும். சரியாப் போச்சு."

"இதயம் இடப்புறம் இருக்கிறதாலன்னு காரணம் எழுதியிருக்கீகளே அண்ணாச்சி?"

"சூடு எதுத்த பக்கந்தான் தள்ளும்னு சேத்துக்கிடும்."

ஒரு கல்லைத் தேய்க்கச் சோம்பி மனித இனத்தின் இரத்தத்தையே திருப்பி ஓடவைத்த அறிவியலை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. கண்டித்தேனா? இல்லை. பதினோரு இடங்களில் சொல்லை மாற்றினேன். இடம் வலம் ஒன்றுகூட விடுபடாமல் இருமுறை சரிபார்த்தேன். படத்தின்கீழ் 'பிறவிக் குற்றவாளியின் முகம்' என்ற வரியில் ஒற்று மிகுந்திருக்கிறதா என்று பார்த்து ஒப்பமிட்டேன். முதலாளி பெயரில் ஒரு முகவுரையும் எழுதிக்கொடுத்தேன். அதில் 'ஐயந்திரிபற நிறுவப்பட்ட உண்மைகள்' என்றொரு தொடர் வரும். அது என் தொடர். இகழ்ச்சியை நான் பிறருக்கு மட்டும் பங்கிடவில்லை என்பதை வாசகர் அறியவேண்டும்.

நூல் வெளிவந்து, பட்டாசுக் கம்பெனி ஏசண்டுகளுக்கெல்லாம் விலைப்பட்டியலோடு அன்பளிப்பாகப் போயிற்று. அச்சகத்தில் லேபிலுக்குத் தங்கப்பொடி தூவும் பகுதியில் பெண்கள் வேலைசெய்தார்கள். அவர்களில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் படத்தின்கீழிருந்த வரியை உரக்கப் படித்துவிட்டார். கல் தேய்ப்பவர் நூலோடு என்னிடம் வந்தார். ஈரக்கை பட்டு அட்டை நனைந்திருந்தது.

"ஐயா, அந்தப் புள்ள என்னமோ வாசிச்சுது. நீங்க வாசிங்க. நீங்க வாசிச்சா நம்புதேன்."

வாசித்தேன்.

"இதை நீங்க முந்தியே வாசிச்சீகளா?"

"வாசிச்சேன்."

அவர் நூலை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

சில வாரங்களில் சரக்கறையிலிருந்து தங்கப்பொடி டப்பாக்கள் நான்கு காணாமற்போயின. தங்கமன்று, மினுங்கும் உலோகப்பொடிதான். எனினும் தட்டுப்பாடான சரக்கு. சரக்கறைச் சாவி வாயிற்பக்கச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். கணக்கர் முதல் தண்ணீர் சுமப்பவர் வரை எவர் கையும் எட்டும் உயரம். அந்தப் பொடியைத் திறந்தவர் உடம்பிலும் துணியிலும் அது ஒட்டாமல் போகாது. இவற்றையெல்லாம் ஆராயலாமே என்று எவரும் எண்ணவில்லை. முகப்புப்படம்தான் இருக்கிறதே! மாமன் விருதுநகரிலிருந்து காலை ரயிலில் வந்திறங்கினார். லேபில் உலர்த்தும் முற்றத்தில் கல் தேய்ப்பவரை நடுவில் நிறுத்தினார்கள். வேலை பறிபோவது மட்டும் அன்று அவருக்கு அச்சமில்லை. போலீசுக்கு எழுதிவிட்டால், கொலைகாரன் மகன் என்ற முதல் வரியோடுதான் வழக்கு தொடங்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"நான் எடுக்கலைங்க மொதலாளி" என்றார்.

மாமன் முதலாளி பக்கம் திரும்பினார். "ஒமக்கு இவன் அப்பன் கதை தெரியுமா மாப்ள? ஆளைக் கொன்னுட்டு உள்ள போனவன். வெதை ஒண்ணு போட்டா வேற ஒண்ணா மொளைக்கும்? ஸ்டேசனுக்கு ஆள் அனுப்பும்."

பத்தாண்டு காத்த செய்தி அவ்வளவில் முற்றத்தில் விழுந்தது. பொடி தூவும் பெண்கள் கைவேலையை நிறுத்தினார்கள். அவர்கள் கன்னமும் கழுத்தும் பொடியால் மின்னிக்கொண்டிருந்தன.

அப்போது ஓவியர் இடைபுகுந்தார். அவர் இளகிய மனத்தர். கூட்டங்களுக்குப் போய் ஏழ்மையே எல்லாக் குற்றத்துக்கும் தாய் என்று கேட்டுவந்தவர். "மொதலாளி, வீட்டுல நாலு வாயி. பசிதான் அவனை எடுக்க வச்சிருக்கும். குத்தம் அவன் மேல இல்லை, சமுதாயத்து மேலதான். இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்ருங்க" என்று கைகூப்பினார்.

கல் தேய்ப்பவர் மாமனைவிட ஓவியரைத்தான் கடுமையாகப் பார்த்தார். "ஏண்ணே, எடுக்கவே இல்லைங்கேன். எடுக்காததுக்கு நீங்க எதுக்கு எனக்காக மன்னிப்புக் கேக்கீக? என்னையப் போல கூலிக்காரங்க இங்கன இத்தனை பேரு நிக்காகளே, எல்லாருமா டப்பா தூக்கிட்டுப் போறாக?"

"பாத்தீரா கோவத்தை? அப்பன் கோவம்" என்றார் மாமன்.

ஒருவர் இரத்தத்தைக் கொண்டு அவரைத் திருடராக்கினார். மற்றவர் வயிற்றைக் கொண்டு அவரைத் திருடராக்கினார். திருட்டு நடந்த சரக்கறைப் பக்கம் இருவருமே எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அன்று வந்தது துணிவென்று சொல்லமாட்டேன். என் மேசையில் ஈரம் உலர்ந்து சுருண்டுகிடந்த அந்த நூல் தந்த உறுத்தல் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதை எடுத்துவந்தேன்.

"அண்ணாச்சி, நூல்படியே பாத்துருவோம். இவருக்கு விலகியிருக்கிறது எந்தக் காது?"

"இடது. கண்ணு தெரியலையா?"

"இடக்காது விலகியவனிடம் சாவிக்கொத்தையே கொடுக்கலாம்னு இருக்கே. வாசிக்கட்டுமா?" வாசித்தேன். என் குரல் தேவைக்குமேல் உயர்ந்திருந்தது.

"யோவ், அது படம் மாறிப்போச்சேன்னு மாத்துனதுய்யா! மொதல்ல நான் எழுதுனது…"

"அப்பம் புத்தகத்துல இருக்கது பொய்யா மாமா?" என்றார் முதலாளி. குரலில் கலக்கம் இருந்தது. "முகவுரையில என் பேரு போட்டிருக்கே! ஏசண்டு அம்புட்டுப் பேருக்கும் குடுத்திருக்கேனே!"

"ஏ யக்கா, பெரியவுக சொல்லுத காது தெனம் ஒரு பக்கம் போகும் போல" என்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் அந்தப் பெண் சொன்னார். முற்றமே சிரித்தது. முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி சரி, வேலையைப் பாருங்க" என்றார். ஸ்டேசனுக்கு ஆள் போகவில்லை.

நூலைக்கொண்டே நூலை மடக்கிய களிப்பில் நான் நாற்காலிக்குத் திரும்பினேன். அந்தக் களிப்பை நினைக்க இன்று கூசுகிறது. அவர் திருடவில்லை என்று நான் நிறுவவில்லை. முட்டாள்தனத்தின் ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு மோதவிட்டேன், அவ்வளவே. மறுநாளே அதன் விளைவு தெரிந்தது. மாலையில் வேலை முடிந்து எல்லாரும் வாயிலைக் கடந்து போனார்கள். கல் தேய்ப்பவரை மட்டும் நிறுத்தி மடியை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். நாள்தோறும் அப்படியே நடந்தது. ஓவியர் அவரைக் கடக்கும்போது இரக்கத்தோடு தலையசைத்துப் போவார்.

ஒரு நண்பகல் அவர் மஞ்சள் பையொன்றிலிருந்து பழுப்பேறிய தாள்களை எடுத்து என்முன் வைத்தார். அவருடைய தகப்பனார் வழக்கின் தீர்ப்பு நகல்.

"இதுல எங்கப்பன் காது எப்படி இருந்துச்சுன்னு போட்டிருக்கா ஐயா?"

நகல் ஆங்கிலத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த அளவில் படித்தேன். ஐயமுற்ற இடங்களை ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டுத் தெளிந்தேன். காதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மழை பொய்த்த ஆண்டு. பங்குக் கிணற்றில் முறைவைத்து நீர் இறைக்கிறார்கள். தகப்பனாரின் முறை முடியுமுன் அவர் மைத்துனன் வாய்க்காலை வெட்டித் தன் கொல்லைக்குத் திருப்புகிறான். வாக்குவாதம் மூள்கிறது. மண்வெட்டிக் காம்பால் ஓர் அடி, மைத்துனன் இறக்கிறான். அதற்கு முன் எவரோடும் அவர் கைகலந்ததில்லை என்று இரு சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள். திடீர்ச் சினம் என்று எழுதி நீதிபதி மேலே போய்விட்டார்.

வறட்சிதான் அடிக்கவைத்தது என்று ஓவியர் சொல்லியிருப்பார். அதே கிணற்றில், அதே ஆண்டில், வேறு மூன்று பங்காளிகளும் முறைவைத்து இறைத்தார்கள் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அவர்கள் எவரையும் அடிக்கவில்லை. இரத்தம் என்று மாமன் சொல்லியிருப்பார். ஆனால் தம் சிற்றப்பனுக்கும் அதே காது என்று கல் தேய்ப்பவர் சொன்னார். ஒருவர் வாய்ச்சொல்லாயிற்றே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஆமத்தூர்ப் பக்கம் போய்ப் பார்த்தேன். அந்த முதியவரின் இடக்காது நன்றாகவே விலகியிருந்தது. அண்டைவீட்டார் இருவரைத் தனித்தனியே கேட்டேன். மனிதர் எவரையும் அதட்டிக்கூடப் பேசியதில்லை என்றார்கள். மாமனிடம் இதைச் சொன்னேன். "இன்னும் அவனுக்குச் சந்தர்ப்பம் வாய்க்கல" என்றார். எழுபதைக் கடந்த ஒருவருக்கு இனி எப்போது வாய்க்கும் என்று நான் கேட்கவில்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் கல் தேய்ப்பவர் வேலையைவிட்டு நின்றார். முதலாளி காரணம் கேட்டபோது நானும் அருகில் இருந்தேன். "மத்தவுக மடியையும் அவுத்துப் பாத்தா இருக்கேன் மொதலாளி. எனக்கு மட்டும்னா வேணாம்" என்றார். சீசனில் ஆள் கிடைக்காது என்று முதலாளி கெஞ்சினார். சோதனையை விலக்கவோ எல்லாருக்கும் பொதுவாக்கவோ முன்வரவில்லை. எல்லாரையும் சோதித்தால் மற்றவர் மனம் புண்படுமாம்.

அவர் போன மறுமாதம் சரக்கறையில் இன்னும் இரண்டு டப்பாக்கள் குறைந்தன. இருப்பேட்டை நானே பார்த்தேன். இந்த இரண்டையாவது அவர் எடுத்திருக்க முடியாதே என்று முதலாளியிடமும் மாமனிடமும் சொன்னேன். போகுமுன் அவர் யாருக்கோ வழி காட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்று மாமன் முடிவுகட்டினார். ஒருவரின் பழக்கம் உடன் வேலைசெய்வோரையும் தொற்றிவிடும் என்று ஓவியரும் அதற்கு ஒரு சமுதாயக் காரணம் கண்டார். வாழ்நாளில் அந்த இருவரும் கருத்தொருமித்து நான் கண்டது அந்த ஒரு பொழுதில்தான். சாவி அப்போதும் அதே ஆணியில்தான் தொங்கியது. எஞ்சிய நூற்படிகள் கழிவுத்தாளாகப் பட்டாசுக் கம்பெனிக்குப் போயின. அங்கே வெடிக்குக் குழாய் சுற்ற அந்தத் தாள் நன்றாக உதவியதாக இருவர் என்னிடம் தனித்தனியே சொன்னார்கள். அந்த நூலைப் பற்றி நான் கேட்ட ஒரே நற்சொல் அது.

தங்கப்பொடி டப்பாக்களை எடுத்தவர் யார் என்பது எனக்குத் தெரியாது. கல் தேய்ப்பவர் எடுக்கவில்லை என்பதற்கும் அவர் சொல்லைத் தவிர என்னிடம் சான்றில்லை. பின்னால் வந்த இரண்டைப் பொறுத்தமட்டில், அந்த நாட்களில் அவர் அச்சகத்துக்குள் வரவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவர் எந்த ஊருக்குப் போனார் என்று ஒருவர் சொன்னார். வேறெவரும் அதை உறுதிசெய்யாததால் ஊர்ப்பெயரை எழுதவில்லை. எவரையும் அடித்தறியாத அவருடைய தகப்பனார் அன்று மட்டும் ஏன் அடித்தார் என்பதும் தெரியவில்லை.